ஜாஸ் காரின் 16 அங்குல அலாய் சக்கரங்களை யாரிஸில் மாட்டலாமா?

கேள்வி:

என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை டொயோட்டா யாரிஸ். அதில் 15 அங்குல இரும்புச் சக்கரங்களும் 185/60 ஆர்15 டயர்களும் உள்ளன. உறவினர் ஒருவர் தம்முடைய ஹோண்டா ஜாஸுக்குப் புதுச் சக்கரங்கள் வாங்கிவிட்டதால், அதிலிருந்து கழற்றிய 16 அங்குல அலாய் சக்கரங்கள் நான்கையும் 185/55 ஆர்16 டயர்களோடு என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டிலும் நான்கு துளைகள்தாம்; துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 100 மி.மீ. நேற்று பின்பக்கம் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். தடையில்லாமல் உட்கார்ந்தது, என் பழைய நட்டுகளும் நன்றாகவே ஏறின. ஆனால் நட்டை இறுக்குவதற்கு முன் கையால் அசைத்தபோது சக்கரம் சற்றே மேலும் கீழும் ஆடியது. இது இயல்புதானா? அலாய் சக்கரத்தின் பின்புறம் 16x6ஜே, 53 என்றும், இரும்புச் சக்கரத்தில் 15x5½ஜே, 45 என்றும் பொறித்திருக்கிறது.

பதில் 1:

நீங்கள் கண்ட ஆட்டத்துக்குக் காரணம் நடுத்துளை. உங்கள் யாரிஸின் ஹப் (காரில் சக்கரம் அமரும் நடுப்பகுதி) விட்டம் 54.1 மி.மீ.; ஜாஸ் சக்கரத்தின் நடுத்துளை 56.1 மி.மீ. இடையில் 2 மி.மீ. இடைவெளி இருப்பதால், நட்டுகளை எந்த வரிசையில் இறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்துச் சக்கரம் மையத்திலிருந்து ஒரு மி.மீ. வரை விலகி நின்றுவிடக்கூடும். வேறொரு காரில் இதே தவறை நான் செய்திருக்கிறேன். எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும்; இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தும் குறையவில்லை, ஏனென்றால் பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சரியான மையத்தில்தான் நின்றது, காரில்தான் நிற்கவில்லை.

வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1 உள்ள ஹப் வளையம் நான்கு வாங்கிப் போடுங்கள். வளையத்தின் சுவர் ஒரே ஒரு மி.மீ. தடிமன்தான் என்பதால் பிளாஸ்டிக்கில் வாங்கினால் கழற்றும்போதே பிளந்துவிடும், அலுமினியமே நல்லது. சக்கரத்தின் சுமை முழுவதையும் அந்த வளையம்தான் தாங்குகிறது என்று சிலர் சொல்வது சரியன்று. சுமையைத் தாங்குவது நட்டின் இறுக்கத்தால் சக்கரத்துக்கும் ஹப் முகத்துக்கும் இடையில் உண்டாகும் உராய்வு. வளையம் மாட்டும்போது மையத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பதில் 2:

வளையத்தைவிட எனக்குக் கவலை தருவது, "என் பழைய நட்டுகளும் நன்றாகவே ஏறின" என்று கேட்டவர் எழுதிய வரிதான். இரண்டு காருக்கும் மரை எம்12x1.5 (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) என்பதால் நட்டு ஏறத்தான் செய்யும். ஆனால் இரும்புச் சக்கரத்துக்கான டொயோட்டா நட்டின் முனை 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் சக்கரங்களில் நட்டு அமரும் குழியோ பந்தைப் போல வளைந்தது. கூம்பு நட்டு அந்தக் குழியில் அமர்ந்தால் முழுப் பரப்பும் படாமல் மெல்லிய வளையம் போன்ற ஒரு கோட்டில் மட்டும் படும். அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்க நசுங்க இறுக்கம் தளர்ந்துகொண்டே வரும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

சந்தேகம் இருந்தால் நட்டின் முனையில் மார்க்கர் பேனாவால் மை தடவி, இறுக்கி, கழற்றிப் பாருங்கள். குழியில் அகலமான பட்டையாக மை ஒட்டியிருந்தால் பொருத்தம் சரி. தலைமுடி போன்ற கோடாகத் தெரிந்தால் அந்த நட்டு அந்தச் சக்கரத்துக்கு ஆகாது. ஹோண்டாவுக்கான பந்து முனை நட்டுகளை வாங்கிப் போடுவதே தீர்வு. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, 103 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். சுமார் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

பதில் 3:

ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரத்தை (சக்கரங்களில் பொறித்திருக்கும் 45, 53), இதுவரை எவரும் தொடவில்லை. 45இலிருந்து 53 என்றால் சக்கரத்தின் நடுக்கோடு 8 மி.மீ. உள்ளே போகிறது. ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடுவதால் இருபுறமும் 6.35 மி.மீ. சேர்கிறது. ஆகவே ரிம்மின் உள்விளிம்பு 14 மி.மீ.க்குச் சற்று மேலாகவே ஷாக் அப்சார்பரை நெருங்கும். வெளிவிளிம்போ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். டயரைப் பொறுத்தவரை பெயரளவு அகலம் 185தான் என்றாலும், அகலமான ரிம்மில் அது சற்றே விரியும் என்பதால், உள்பக்கச் சுவர் 10 அல்லது 11 மி.மீ. நெருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் தடையில்லாமல் உட்கார்ந்ததை வைத்து முன்பக்கத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளிவிடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். தட்டையான ஸ்பேசர் ஹப்பின் விளிம்பை மறைத்துவிடும். வளையத்துக்குப் பிடிப்பு இருக்காது. ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டில்) நட்டு ஏறும் நீளமும் குறையும். 12 மி.மீ. ஸ்டட்டில் அதே அளவு நீளத்துக்காவது நட்டு ஏற வேண்டும் என்பது பழைய கணக்கு, 1.5 மி.மீ. மரையில் அது எட்டு முழுச் சுற்று.

டயரின் உயரம் 603இலிருந்து 610 மி.மீ. ஆவதால் வேகமானியில் சுமார் ஒரு சதவீதமே வேறுபடும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டயரில் உள்ள சுமைக் குறியீட்டை (ஒரு டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) மட்டும் பார்த்துவிடுங்கள். அது 84 என்றால் ஒரு டயருக்கு 500 கிலோ, 83 என்றால் 487 கிலோ. காரின் தகட்டில் உள்ள அச்சுச் சுமையை இரண்டால் வகுத்து ஒப்பிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மை தடவிப் பார்த்தேன். தலைமுடிக் கோடுதான் விழுந்தது, அதனால் பின்பக்கம் மாட்டியிருந்ததையும் கழற்றிவிட்டேன். முன்பக்கத்தில் பழைய டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையில் 17 மி.மீ. இருந்தது. அலாய் சக்கரத்தை மாட்டி, அந்த இடுக்கில் களிமண் உருண்டையை ஒட்டி, இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். களிமண் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனுக்கு நசுங்கி நின்றது, எங்கும் உரசவில்லை. சுமைக் குறியீடு 83. தகட்டுக் கணக்குக்குப் போதுமானதாகவே இருக்கிறது. பந்து முனை நட்டுகளும் அலுமினிய வளையங்களும் வந்த பிறகே நான்கையும் மாட்டப்போகிறேன்.

பதில் 2 எழுதியவர்:

6 மி.மீ. இருந்தால் தாராளம். பழைய கூம்பு நட்டுகளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் ஸ்டெப்னி இன்னும் இரும்புச் சக்கரம்தானே? வழியில் டயர் பஞ்சரானால் அதை மாட்ட அந்த நட்டுகள்தான் வேண்டும். அவற்றில் நான்கை ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்துவிடுங்கள். டொயோட்டா நட்டுக்கு 21 எண் ஸ்பேனர், ஹோண்டா நட்டுக்கு 19 எண் என்பதால் காரில் இரண்டும் இருக்கட்டும்.