ரிமோட்டை அழுத்தினால் ‘டிக்’ கேட்கிறது, டிக்கி திறக்கவில்லை

உப்புவெளிக்காரன்:
என்னுடையது பழைய டொயோட்டா கொரோலா 121 கார். டிக்கியைத் திறக்க டிரைவர் சீட்டின் பக்கத்தில் இழுக்கும் லீவர்தான் இருந்தது. போன வருடம் அலாரம் பூட்டியபோது டிக்கி லொக்கில் ஒரு சொலினொயிட்டும் (கரண்ட் வந்ததும் லொக்கை இழுத்துவிடும் மின்காந்தம்) போட்டுத் தரச் சொன்னேன். காரணம் என் தொழில். விடியப்புறம் திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக் கரையில் இறாலும் கணவாயும் எடுத்து நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். இரண்டு கையிலும் ரெஜிபோம் ஐஸ் பெட்டி இருக்கும்போது கதவைத் திறந்து லீவரை இழுக்க முடியாது. ரிமோட் என்றால் இடுப்பில் தொங்குவதை ஒரு விரலால் அழுத்தினால் சரி.

ஒரு வருடம் நன்றாக வேலை செய்தது. இப்போது பட்டனை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் டாஷ்போர்டுக்குக் கீழே ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) ‘டிக்’ என்கிறது, டிக்கி அசையவில்லை. மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தேன். சொலினொயிட்டுக்கு வரும் இரண்டு வயரையும் கழற்றி அளந்தால், பட்டனை அழுத்தும்போது 12.3 வோல்ட் வருகிறது. சொலினொயிட்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அதுவும் அசையவில்லை. கராஜ் பாஸ் அலாரம் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மூன்றாம்கட்டை:
ரிமோட் பற்றரியை மாற்றிப் பாருங்கள் அண்ணா. எனக்கு அதுதான் நடந்தது.

உப்புவெளிக்காரன்:
ரிலே சத்தம் கேட்கிறதே தம்பி. பற்றரி செத்திருந்தால் அதுவும் கேட்காது.

வயரிங் பைத்தியம்:
அலாரத்தை மாற்ற வேண்டாம், அது தன் வேலையைச் செய்துவிட்டது. பெரும்பாலான அலாரங்களின் டிக்கி வயர் மைனஸ் மட்டும்தான் கொடுக்கும், அதுவும் சில நூறு மில்லியம்பியர் அளவில். ரிலேயின் சுருளுக்கு அது போதும், ‘டிக்’ கேட்பது அதனால்தான். சொலினொயிட் கேட்பதோ பல அம்பியர். அந்தக் கரண்ட் ரிலேயின் சுவிட்ச் பக்கமான 30, 87 கால்கள் வழியாக, தனிப் பியூஸிலிருந்து வர வேண்டும். பிழை அந்தப் பாதையில் எங்கோ இருக்கிறது.

12.3 வோல்ட் என்று மீற்றர் சொன்னதை நம்பாதீர்கள். மீற்றர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டும். சொலினொயிட்டை மாட்டி, மாட்டியபடியே அளந்து பாருங்கள். மீற்றரைவிட பிரேக் லைட்டின் 21 வாட் பல்ப் இதற்கு நல்லது. அந்த இரண்டு வயரில் பல்பைத் தொட்டு ரிமோட்டை அழுத்துங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் தடை இருக்கிறது.

கிண்ணியா 121:
டிக்கி மூடியின் கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் போகும், அதற்குள் பாருங்கள். மூடி திறந்து மூடும்போதெல்லாம் வயர் அங்கேதான் மடியும். எனக்கு உள்ளே செம்பு அறுந்து, மேல் பிளாஸ்டிக் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

உப்புவெளிக்காரன்:
மாட்டியபடி அளந்தேன், வெறும் 3 வோல்ட்! பல்ப் சிவப்பாக மினுங்குகிறது. ரப்பர் குழாயை உருவிப் பார்த்தேன், வயர் நல்லாகவே இருக்கிறது.

வயரிங் பைத்தியம்:
அப்படியென்றால் ஏர்த்தை, அதாவது கரண்ட் கார் உடல் வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை, பாருங்கள். பின் சீட் பெல்ட் போல்ட் நேராக காரின் இரும்பு உடலில்தான் இறுகியிருக்கும். அதிலிருந்து ஒரு தனி வயரை சொலினொயிட்டின் கறுப்பு வயரில் தொட்டுக்கொண்டு ரிமோட்டை அழுத்துங்கள். திறந்தால் ஏர்த், திறக்காவிட்டால் ரிலே பக்கம். அப்புறம் ஒரு கேள்வி. ஐஸ் பெட்டியை டிக்கியில் எந்த மூலையில் வைப்பீர்கள்?

உப்புவெளிக்காரன்:
ஐயோ, பிடித்துவிட்டீர்கள். சீட் பெல்ட் போல்டிலிருந்து வயரைத் தொட்டதும் ‘டக்’ என்று திறந்தது, மூடி என் நாடியில் இடித்தது. பிறகு இடது பக்க கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஏர்த் வயரை முறுக்கி இறுக்கிய போல்ட் அங்கேதான், பெட்டி வைக்கும் அதே மூலையில். உப்பும் மீன் தண்ணீரும் ஊறி போல்ட் கறள் பிடித்து, வயர் பச்சை பூத்துக் கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. போதாததற்குப் பாஸ் பெயின்டைச் சுரண்டாமலே இறுக்கியிருக்கிறார்.

வயரிங் பைத்தியம்:
அதே இடத்தில் திரும்பவும் போடாதீர்கள். சக்கர வளைவுக்கு மேலே, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, அரத்தாளால் பெயின்ட் போகும்வரை தேய்த்து, வயர் முனையில் வளையக் காது போட்டு இறுக்குங்கள். மேலே வாஸ்லின் பூசுங்கள். ரிலேச் சுருளின் 85, 86 கால்களுக்குக் குறுக்கே டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு பாகம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒரு 1என்4007 போடுங்கள், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ரிலே விடும்போது சுருளில் எழும் வோல்டேஜ் உதை அலாரத்தின் உள் ட்ரான்சிஸ்டரைக் காலப்போக்கில் கொன்றுவிடும். அப்போது பாஸ் சொன்னது உண்மையாகிவிடும்.

உப்புவெளிக்காரன்:
ஏர்த்தை மாற்றியாயிற்று. மாட்டியபடி 11.8 வோல்ட். டயோடு இருக்கவில்லை, அதையும் போட்டுவிட்டேன். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறேன். பழைய சொலினொயிட்டை நேராகப் பற்றரியில் தொட்டுப் பார்த்தேன், துள்ளுகிறது. கிண்ணியாத் தம்பிக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். கார்ப்பெட்டின் கீழிருந்து வரும் வாடைக்கு யாரிடமாவது வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இரண்டு தரம் தேசிக்காய் தேய்த்துக் கழுவியும் போகவில்லை.