வேம்படி வீட்டுக் குழு: பாலே மலை ஓநாய்

சுந்தர் மாமா: (படம்) நேற்று எத்தியோப்பியாவின் பாலே மலையில், சனெட்டி மேட்டில் எடுத்தது. கோபா ஊரிலிருந்து டோலோ மேனா ஊருக்குப் போகும் சாலை இதன் மேலேதான் ஏறி இறங்குகிறது. வண்டியில் உட்கார்ந்தபடியே 4,000 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடலாம்.

அம்மா: நரியா தம்பி? செக்கச்செவேல் என்று இருக்கிறதே.

சுந்தர் மாமா: ஓநாய் அக்கா. எத்தியோப்பியாவின் சில மலை உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மொத்தமே 500 பக்கம்தான். அதில் பாதிக்கு மேல் இந்த பாலே மலையில்.

பிரபு: அங்கே எப்படி வந்தது மாமா?

சுந்தர் மாமா: ஐரோப்பா, ஆசியா பக்கமிருந்து வந்த ஓநாய்களின் வழித்தோன்றல் என்கிறார்கள். பனியூழிக் காலத்தில் இந்த மேட்டில் பனிப்பாறை படர்ந்திருந்தது, குளிர்ப் புல்வெளி வெகு கீழே வரை பரவியிருந்தது. வெப்பம் கூடக்கூட அந்தப் புல்வெளி மேலே மேலே சுருங்கிவிட்டது, ஓநாயும் அதோடு ஏறிவிட்டது. இப்போது மேற்கே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு, தெற்கிலும் கிழக்கிலும் வெயில் காயும் தாழ்நிலம். இறங்கிப் போக இடமில்லை.

தாமரை: அவ்வளவு உயரத்தில் தின்ன என்ன கிடைக்கும்?

சுந்தர் மாமா: எலிதான் மா. பெரிய வளை எலி ஒன்று இருக்கிறது, நம் ஊர்ப் பெருச்சாளி அளவு, ஒரு கிலோவை நெருங்கும். அது பாலே மலையில் மட்டும்தான். கண் இரண்டும் தலை உச்சியில் இருக்கும். வளையிலிருந்து பாதி உடம்பை நீட்டி, வாய்க்கு எட்டிய புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விடும். படத்தில் இருக்கும் ஓநாய் காதை முன்னே மடக்கி, அடிமேல் அடி வைத்து, வயிறு தரையில் உரச நகர்ந்தது. கடைசி நொடியில் எலி உள்ளே போய்விட்டது. உடனே முன்னங்காலால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது.

பெரியப்பா: ஒரே ஒரு ஓநாயா? கூட்டமாக வேட்டையாடாதா?

சுந்தர் மாமா: எலிக்குக் கூட்டம் எதற்கு அண்ணா! பகலில் தனித்தனியே வேட்டை. ஆனால் வாழ்வது கூட்டமாக. காலையிலும் மாலையிலும் எல்லாம் ஒன்றுகூடி முகர்ந்து, மூஞ்சியை நக்கி, எல்லையைச் சுற்றி வரும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒன்றுக்கு ரேபிஸ், அதாவது வெறிநோய், வந்தால் கூட்டத்துக்கே வந்துவிடும்.

தாமரை: நாய்களிடமிருந்தா?

சுந்தர் மாமா: ஆமாம் மா. மாடு மேய்ப்பவர்கள் கழுதைப்புலிக்குப் பயந்து நாயையும் மேட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மாடுதான் அவர்கள் பிழைப்பு. 1991, 2003, 2008, 2014 என்று ரேபிஸ் திரும்பத் திரும்ப வந்தது. அதோடு 2010இலும் 2015இலும் நாய்களின் டிஸ்டெம்பர் நோய். நோய் புகுந்த இடத்தில் முக்கால்வாசி ஓநாய்கள்கூடச் செத்ததுண்டு. வேட்டைக்காரன் துப்பாக்கியைவிட இதுதான் எனக்குப் பயம்.

பிரபு: ஓநாய்க்கே ஊசி போட முடியாதா?

சுந்தர் மாமா: பிடித்துத்தான் போட வேண்டும், பெரும்பாடு. அதனால் 2018இலிருந்து இறைச்சித் துண்டுக்குள் ரேபிஸ் தடுப்பு மருந்தை வைத்து இரையாகப் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் கிடைக்காவிட்டாலும், குட்டி போடும் தலைமை ஜோடி பிழைத்தால் கூட்டம் மீண்டுவிடும். கீழே ஊர் நாய்களுக்கு 1990களிலிருந்தே தடுப்பூசி நடக்கிறது. ஆனால் புது நாய்க்குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றனவே.

அம்மா: குளிர் எப்படித் தம்பி? ஸ்வெட்டர் போட்டாயா?

சுந்தர் மாமா: போட்டேன் அக்கா. பகலில் வெயில் சுளீரென்று அடிக்கும். மழையில்லாத மாதங்களில் ராத்திரி உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் லோபீலியாச் செடிகள் ராத்திரியில் இலைகளை மூடி நடுக்குருத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. தெற்கே ஒரு மணி நேரம் இறங்கினால் அதே மலை ஹரென்னா என்ற மழைக்காடாக மாறிவிடுகிறது. அங்கே காப்பிச்செடி தானாகவே முளைத்துக் கிடக்கிறது. கொஞ்சம் கொட்டை வாங்கியிருக்கிறேன்.

பெரியப்பா: 47,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

சுந்தர் மாமா: சரிதான் அண்ணா. ஃபிஞ்சா ஹபேரா என்ற பாறை மறைவில், கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரத்தில். அவர்களும் இதே வளை எலியைத்தான் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். 2019இல் ஆய்வு வெளிவந்தது.

தாமரை: மாமா, நாய்த் தடுப்பூசிக் குழு அங்கே ரோபே ஊர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். அந்த உயரத்துக்கு மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

சுந்தர் மாமா: குதிரையில் போவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற கேள்விகளையும் எழுதி அனுப்பு மா, கேட்டு வைக்கிறேன்.