ஒன்பதாம் வகுப்புக்கு வளரிளம் பருவப் பாடம்: கேள்விகளை எப்படிக் கையாள்வது?

பொருநைக்கரை:
அம்பாசமுத்திரம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் கலந்து 42 பேர். வாரம் ஒரு பீரியட், 40 நிமிஷம். படத்தைப் போட்டதுமே கும்மாளம்தான். கேள்வி கேளுங்கன்னா ஒருத்தரும் வாய் திறக்கறதில்லை. மாதவிலக்கு பத்திப் பேசும்போது பையன்களை வெளியே அனுப்பணுமா? சொந்தத்துல கல்யாணம் பத்திக் கேட்டா என்ன சொல்றது? பாதி வீட்டுல அத்தை மகன், மாமன் மகள்தான்.

கல்லிடை அப்பளம்:
டீச்சர், பையன்களை அனுப்பாதீங்க. அனுப்பினா அது ஏதோ ரகசியம்னு ஆயிடும், மறுநாள் கேலி கூடும். பாடம் எல்லாருக்கும் ஒண்ணாவே நடக்கட்டும். கேள்வி-பதிலுக்கு மட்டும் தனித்தனியா உட்கார வைங்க.

கேள்விப் பெட்டி வைங்க. அதைச் சொதப்பாம செய்யணும். ஒரே அளவுல 42 துண்டுத் தாள், எல்லாருக்கும் பென்சில். கேள்வி இல்லாதவங்க சும்மா இருக்கக் கூடாது. கரும்பலகையில் இருக்கிற ஒரு வரியையாவது எழுதணும். இல்லைன்னா யார் எழுதுறாங்கன்னு பக்கத்து பெஞ்சு கவனிக்கும். லீடரை விட்டு வாங்காதீங்க, அவன் கையெழுத்தைக் கண்டுபிடிச்சிருவான். வாங்கின உடனே பிரிச்சுப் படிக்கவும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் உடம்பு, உறவு, ஆபத்துன்னு மூணாப் பிரிச்சு, உங்க வார்த்தையில மாத்தி அடுத்த வாரம் பதில் சொல்லுங்க.

பையன்கள் பக்கம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: தூக்கத்துல விந்து போனா ரத்தம் குறையுமா? லாட்ஜுல ரூம் போட்டு உட்காருற வைத்தியர்கள் பிழைப்பே இந்தப் பயத்துலதான். நேராச் சொல்லுங்க: விந்து ரத்தத்துல இருந்து வடிகட்டி வர்றதில்லை. விந்தணு விரையில் உருவாகுது, திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் சுரக்குது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1.5 முதல் 5 மி.லி. தூக்கத்துல போறது இயல்பு, மருந்து வேண்டாம். ஆனா விரையில் திடீர்னு கடும் வலி வந்தா வெட்கப்பட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. விரை முறுக்கிக்கிட்டா சுமார் 6 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்.

முருங்கை மரத்தடி:
நாப்கின் கணக்கை வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்க. அரசு இலவசமா நாப்கின் தர்ற புதுயுகம் திட்டத்துல ரெண்டு மாசத்துக்கு 3 பொட்டலம், பொட்டலத்துக்கு 6. ஒரு மாதவிலக்குக்கு 9 வருது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்தினா ரெண்டு நாள்ல தீர்ந்திரும். அதனாலதான் புள்ளைங்க ஒண்ணையே காலையிலிருந்து சாயந்திரம் வரை வச்சிருக்கு. மிச்ச நாளுக்குத் துணி வைக்கிறவங்களுக்கு: முதல்ல பச்சைத் தண்ணியில அலசணும் (வெந்நீர் பட்டா கறை ஒட்டிக்கும்), பிறகு சோப்பு, அப்புறம் நேர் வெயில். பாவாடைக்கு அடியில மறைச்சு நிழல்ல காயப்போட்டா ஈரம் போகாது, அரிப்பும் தொற்றும் வரும்.

சடங்குக்குக் கொடுக்கிற உளுந்தங்களியைக் குறை சொல்லாதீங்க. புரதமும் நல்லெண்ணெயும் நல்லதுதான். இரும்புச்சத்துக்கு அது மட்டும் போதாதுன்னு சேர்த்துச் சொல்லுங்க. பச்சை முட்டையை வாயில் ஊத்துறதை மட்டும் தடுக்கலாம், கிருமித் தொற்று வரும்; வேகவச்சுக் கொடுத்தாலும் சத்து அதேதான்.

வாரம் ஒரு நீல மாத்திரை (இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்) பையன்களுக்கும் உண்டு. சத்துணவு சாப்பிட்ட பிறகுதான் தரணும். வெறும் வயித்துல போட்டா குமட்டி, அடுத்த வாரம் முழு வகுப்பும் ஜன்னல் வழியா வீசிரும். மலம் கறுப்பாப் போகும்னு முன்னாடியே சொல்லிருங்க. மாத்திரையோட டீ வேண்டாம்.

களக்காட்டு வாழை:
சொந்தக் கல்யாணம்: பிள்ளைகளோட சொந்தக் குடும்ப மரத்தை வரையச் சொல்லவே கூடாது, வீட்டுச் சங்கதியெல்லாம் கரும்பலகைக்கு வந்திரும். கற்பனைக் குடும்பம் ஒண்ணு போதும். எட்டுப் புளியங்கொட்டை எடுத்து ஒண்ணுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவுங்க. அத்தை மகன், மாமன் மகள் ரெண்டு பேருக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவா இருக்கும்; தாய்மாமன், அக்கா மகள்னா நாலில் ஒரு பங்கு. மறைஞ்சிருக்கிற ஒரே கோளாறு ரெண்டு பக்கமும் இருந்து வந்து சேர்ந்தாத்தான் குழந்தைக்கு நோய்.

எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க. எல்லாப் பிரசவத்திலும் பிறவிக் குறை சுமார் 2-3 சதவீதம். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினா சுமார் 4-6. அதாவது பெரும்பாலான குழந்தைகள் நல்லாத்தான் பிறக்குது. இதைச் சொல்லாம விட்டா, வகுப்பில் பாதிப் பேர் தன் அப்பா அம்மாவைச் சந்தேகமாப் பார்ப்பாங்க.

நான்குநேரி வக்கீல்:
அப்பளம் சொன்ன 'ஆபத்து' சீட்டைத் தனியாப் பேசணும். யாரோ தொடுறாங்கன்னு ஒரு சீட்டு வந்தா, அதை வகுப்புல வாசிக்கவே வேண்டாம். யாருன்னு துருவவும் வேண்டாம். அடுத்த வகுப்பில் பொதுவா 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணையும், உங்களைத் தனியாச் சந்திக்கிற நேரத்தையும் சொல்லுங்க.

பிள்ளை நேரில் வந்து சொன்னா 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு சத்தியம் பண்ணாதீங்க. போக்சோ சட்டம் 2012 (பாலியல் குற்றத்திலிருந்து குழந்தைகளைக் காக்கிற சட்டம்), பிரிவு 19 படி விஷயம் தெரிஞ்சவங்க போலீசில் சொல்லியே ஆகணும். பெற்றோர் சம்மதம் தேவையில்லை. ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன்னு நிறுத்தினா உங்க கடமை முடியாது. பிரிவு 21 படி மறைச்சவங்களுக்கு 6 மாசம் வரை சிறை. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோட எழுதி வைங்க. பள்ளிக்குள்ள பஞ்சாயத்து வேண்டாம், சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம்; சாட்சியம் கெட்டுப்போகும்.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பெட்டியைத் திங்கட்கிழமை வைக்கிறேன். பூட்டு வேணுமா?

கல்லிடை அப்பளம்:
வேணும் டீச்சர். சாவி உங்க பையில மட்டும்.