வெள்ளவத்தை வீடும் கடையும்: குழுவில் வந்த குப்பைக் கணக்கு

செவ்வாய், காலை 9.12

தர்ஷி: எல்லாருக்கும் வணக்கம். கோட்டைக் கம்பனியில் இருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. போன மாதம் எங்கள் கடையில் சாப்பாட்டுக் கழிவு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், பாவித்த எண்ணெய் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, யார் கொண்டுபோனார், எங்கே போனது என்று எழுதித் தரவேண்டுமாம். பற்றுச்சீட்டோடு. வெள்ளிக்கிழமைக்குள்.

வசந்தி: குப்பைக்குமா பில்?

ரவி: ஒரு நாளைக்கு 140 பார்சல் எடுக்கிற இடம். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

சிவா: ஏன் கேட்கிறார்களாம்?

தர்ஷி: அவர்களுடைய தலைமையகம் வெளிநாட்டில், பெரியப்பா. வருடாந்த அறிக்கையில் சாப்பாடு தருகிறவர்களின் கழிவையும் காட்டவேண்டுமாம்.

சிவா: அரிசி நிறுத்தோம், பருப்பு நிறுத்தோம். இனி இதுவும்.

நிரோஷன்: மாமா, இது பெரிய வேலை இல்லை. நான் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே இங்கிலாந்தில் 2025 மார்ச் 31 முதல் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் சாப்பாட்டுக் கழிவைத் தனியாகப் பிரித்தே கொடுக்கவேண்டும். சின்ன இடங்களுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை. கழிவு கைமாறும்போது எழுதுகிற சீட்டை 2 வருடம் வைத்திருக்கவேண்டும். அங்கே நீங்கள் செய்யவேண்டியது இதுதான். உக்குவது, அட்டை, பிளாஸ்டிக், எண்ணெய், மிச்சக் குப்பை என்று தனித்தனி வாளி. வெறும் வாளியின் பாரத்தை ஒருமுறை நிறுத்து வாளியிலேயே எழுதிவிடுங்கள். வெளியே போகுமுன் நிறுத்து, அதைக் கழியுங்கள். சோற்று வாளியில் தண்ணீரை வடித்துவிட்டு நிறுங்கள், இல்லாவிட்டால் ரசத்தையும் சேர்த்துத்தான் நிறுப்பீர்கள். திகதி, கிலோ, கொண்டுபோனவர், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம். கொண்டுபோனவரும் போய்ச் சேர்ந்த இடமும் வேறு வேறு, அதைக் கலக்கவேண்டாம். போன மாதத்தை இனி நிறுக்க முடியாது. ஆகவே இந்த வாரம் நிறுத்துச் சராசரி எடுத்து, பக்கத்தில் மதிப்பீடு என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

வசந்தி: தம்பி சாப்பிட்டாயா?

நிரோஷன்: இங்கே விடியற்காலை அம்மா.

வசந்தி: அப்ப ஏன் முழிச்சிருக்கிறாய்?

ரவி: குகன், பின்பக்கம் உன் பொறுப்புத்தானே. யார் யார் எடுக்கிறார்கள்?

குகன்: சோறு கறி பன்றிப் பண்ணைக்காரர். 2024 கடைசியில் பன்றிக் காய்ச்சல் வந்தபோது வராமல் நின்றார், இப்போது வருகிறார். சிரட்டை லோண்ட்ரிக்காரர். மிச்சம் மாநகர சபை லொறி.

நிரோஷன்: இங்கே சமையலறைக் கழிவைப் பன்றிக்குப் போடுவதே 2001 கோமாரிக்குப் பிறகு தடை.

சிவா: அங்கத்தைய பன்றிக்குச் சட்டம் தெரியும்.

தர்ஷி: அட்டை, சித்தப்பா?

குகன்: போத்தல் பேப்பர்க்காரர்.

தர்ஷி: பற்றுச்சீட்டு தருவாரா?

குகன்: காசுதான் தருவார்.

ரவி: எந்தக் காசு?

குகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவா: மாச்சாக்குக் காசும் இப்படித்தான்.

வசந்தி: பெரியண்ணை, அது முடிந்த கதை. ஞாயிறு அம்மாவின் ஆட்டைத் திதி. ஐயர் 10 மணிக்கு வருவார். வாழையிலை எத்தனை சொல்ல?

சாந்தி: அந்தக் காசில்தான் போன வருடம் கோயிலுக்கு எண்ணெய் வாங்கினது. கேட்டுவிட்டுக் கதைக்கலாம்.

ரவி: நான் ஒன்றும் சொல்லவில்லையே. எந்தக் காசு என்றுதான் கேட்டேன்.

மாலை 6.40

தர்ஷி: எண்ணெய்க்கு என்ன எழுதுவது? வடை, ரோல்ஸ் பொரித்தது.

குகன்: சைக்கிளில் ஒருவர் வந்து கானில் எடுத்துப் போவார்.

நிரோஷன்: எங்கே கொண்டுபோகிறார்? சவர்க்காரத்துக்கோ டீசலுக்கோ போனால் சரி. திரும்பவும் யாராவது ஒருவருடைய தாச்சிக்குள் போனால்?

குகன்: எங்கே என்று கேட்டால் நாளையிலிருந்து வரமாட்டார்.

தர்ஷி: அப்படியே எழுதவா?

ரவி: எழுதாதே.

சாந்தி: மேல் அறையில் பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டு 3 கட்டு கிடக்கிறது. அதுவும் இதில் வருமா?

ரவி: சாந்தி, குழுவில் போடாதே. 2023 ஒக்டோபரில் தடை வந்தபோதே அனுப்பச் சொன்னேன்.

சாந்தி: யாருக்கு அனுப்ப? விற்கவும் ஏலாது, எறியவும் மனம் வரவில்லை.

வசந்தி: இலை சொல்லுங்கோ. மரக்கறிக்காரர் நாளைக்குள் கேட்கிறார்.

தர்ஷி: மாநகர சபை லொறியில் போவது கெரவலப்பிட்டிக்கா?

நிரோஷன்: அங்கே என்றால் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், 2021இல் தொடங்கியது. எரிப்பதை மீள்சுழற்சி என்று எழுதாதே. அதைத் தனி வரியில் எழுது. உறுதியாகத் தெரியாவிட்டால் மாநகர சபை என்று மட்டும் எழுது.

சிவா: லண்டனில் இருந்து கெரவலப்பிட்டிக்கு வழி காட்டுகிறான்.

வசந்தி: மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்த அன்று நாங்கள் எல்லாரும் புத்தாண்டுப் பலகாரத்தோடு இருந்தோம். 2017. அந்தத் தொலைக்காட்சியை அம்மா நிறுத்தவே விடவில்லை. அந்த மலையில் எங்கள் கடை வாளியும் இருந்திருக்கும் என்றா.

ரவி: ஓம்.

சிவா: ஓம். சொன்னா.

தர்ஷி: சரி, நாளைக் காலை 6 மணிக்கு முதல் வாளி. தராசு?

குகன்: கடைத் தராசில் குப்பை வைக்கமாட்டேன்.

ரவி: வைக்கவும் கூடாது.

நிரோஷன்: போன முறை வந்தபோது பெட்டி நிறுக்கிற கைத்தராசு விட்டுவிட்டு வந்தேன். 50 கிலோ தூக்கும். வாளியின் பிடியில் கொழுவுங்கள்.

வசந்தி: அது கனடாவுக்குப் போய்விட்டதே. மாலாவின் பெட்டியோடு.

நிரோஷன்: யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

வசந்தி: அவள் முறுக்கு கொண்டுபோகவேண்டாமா?

தர்ஷி: அப்ப புதிதாக ஒன்று வாங்கவேண்டும். யார்?

சிவா: அட்டைக் காசில் வாங்கலாம்.

ரவி: அண்ணை.

புதன், காலை 7.05

தர்ஷி: யாராவது நிறுத்தீர்களா?

குகன்: பண்ணைக்காரர் 5.30க்கே எடுத்துப் போய்விட்டார். 2 வாளி. தலையைத் தட்டாமல் நிறைய.

தர்ஷி: கிலோ, சித்தப்பா?

குகன்: நாளைக்குப் பார்ப்போம்.

வசந்தி: வாழையிலை 60 சொல்லிவிட்டேன்.

சாந்தி: இலையும் கணக்கில் வருமா?

ரவி: திதி வீட்டில்தானே.

சாந்தி: சமையல் கடையில்.