உளி என் கையிலேயே இருந்த நாள்

மரக்கடைசல் சங்கத்துக்கோ பயிற்சி வகுப்புக்கோ முதன்முதலாகப் போன பெண்கள், அந்த நாள் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், எது உங்களைத் திரும்ப வரவழைத்தது, எது இனிமேல் வேண்டாம் என்று நினைக்க வைத்தது, எல்லாம் வரட்டும். நான் ஆரம்பிக்கிறேன்.

நான் முதலில் போன சங்கத்தில் அன்றைக்கு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். வாசலில் நின்ற பெரியவர் "யார் கூடம்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். தனியாகத்தான் வந்தேன், கற்றுக்கொள்ள வந்தேன் என்றதும் ஒரு லேத், அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் எந்திரம், அதன் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். சதுரக் கட்டையை உருளையாக்குவது முதல் பாடம். ரஃபிங் கவுஜ் என்கிற அகலமான குழியுளியைக் கொடுத்தார்கள். உளி மரத்தைத் தொட்டதுமே தடதடவென்று சத்தம். சதுரக் கட்டைக்கு அந்தச் சத்தம் வரத்தான் செய்யும், நான்கு மூலையும் மாறி மாறி வந்து மோதும். அது எனக்கு அப்போது தெரியாது. தோளைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கினேன். சொல்லிக்கொடுத்தவர் "இங்க கொடும்மா" என்று உளியை வாங்கிக்கொண்டார். உருளையாக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாசிமணி மாதிரி ஒரு வளைவு வெட்டப் போனேன், மறுபடி வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை திருப்பித் தரவில்லை. அவரே முடித்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, "நீங்க செஞ்சது" என்று என் கையில் வைத்தார்.

வீட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. அதில் என் வெட்டு ஒன்றுகூட இல்லை. அப்புறம் ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு போனது இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண்மணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பேசும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். முதலில் அது அவருடைய பழக்கம் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் உளி "டக்"கென்று மரத்தில் மாட்டி, கட்டையைச் சுற்றி ஓர் ஆழமான கீறல் விழுந்துவிட்டது. கடைசல்காரர்கள் இதைத்தான் கேட்ச் என்கிறார்கள். நான் வழக்கம்போல உளியை நீட்டினேன், வாங்கிக்கொள்வார் என்று. கை வரவில்லை. "லேத்தை நிறுத்துங்க. உளியை அதே இடத்துல வைங்க. இப்ப மரத்தைக் கையால சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன். உளி நுனிக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு மரத்தில் படவே இல்லை, நுனி மட்டும் அந்தரத்தில் நின்றது. அடியில் தாங்க ஒன்றும் இல்லாததால் மரம் அதை உள்ளே இழுத்திருக்கிறது. "கைப்பிடியைத் தாழ்த்துங்க. முதல்ல சரிவு மரத்துல உரசட்டும். அப்புறம் மெதுவா தூக்கிக்கிட்டே வாங்க." லேத்தைப் போட்டேன். முதலில் சும்மா உரசியது, ஒன்றும் வெட்டவில்லை. கைப்பிடியை ஒரு விரற்கடை தூக்கினேன். நீளமான சீவல் சுருள்சுருளாக என் முழங்கை மேல் வந்து விழ ஆரம்பித்தது. அந்தக் கட்டையில் கீறல் இன்னமும் இருக்கிறது. அதைத்தான் மேசையில் வைத்திருக்கிறேன்.

* * *

அக்கா, படிக்கப் படிக்க என் கதை மாதிரியே இருந்தது. எனக்குப் பிரச்சினை ஆள் இல்லை, உயரம்.

நான் குள்ளம். சங்கத்து லேத் எல்லாம் உயரமான ஆண்களுக்காக நிறுத்தியது. ஒரு மணி நேரத்தில் தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கும், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பிறகு வேறு சங்கத்திலிருந்து செய்துகாட்ட வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க முழங்கை எங்க இருக்கு, மரம் சுத்துற நடு அச்சு எங்க இருக்கு?" அந்த அச்சு நிற்பவரின் முழங்கை உயரத்துக்குச் சுமாராக வர வேண்டுமாம். எனக்கு ஐந்து அங்குலம் மேலே இருந்தது. பலகைகளை அடுக்கி அறைந்து அகலமான மேடை ஒன்று செய்து போட்டார்கள். அன்றைக்கே தோள் இறங்கிவிட்டது. மேடை அகலமாக இருக்க வேண்டும், அதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடையும்போது கால் நகரும், விளிம்பு தவறினால் ஆபத்து.

அந்த இரண்டு மாதமும் எனக்கு இந்த வேலை வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

* * *

என்னிடம் "பெண்களுக்குக் கையில் அந்த அளவு பலம் இருக்காது" என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கிண்ணம் கடையும்போது நான் உளியை அழுத்தோ அழுத்தென்று அழுத்துவேன், வருவது மாவுமாதிரித் தூள். சீவலே வராது. பலம் இல்லை என்பதை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சங்கத்தில் சாணை பிடிக்க மட்டும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். பலர் வரவில்லை, அது என்ன பெரிய விஷயம் என்று. நான் போனேன். என் உளியின் நுனியை விளக்குக்கு நேரே காட்டச் சொன்னார்கள். முனை நெடுக வெள்ளைக் கோடாக ஒளி மின்னியது. மின்னினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், கூர்மையான முனையில் ஒளி நிற்க இடமே கிடையாது. சாணைக்கல்லில் கோணம் மாறாமல் பிடிக்க ஒரு தாங்கி வைத்து, நாலைந்து முறை லேசாக ஓட்டினேன். அதே மரம், அதே கை. வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது.

அப்புறம்தான் இன்னொன்றும் பிடிபட்டது. கைப்பிடியை இடுப்போடு ஒட்டி வைத்து, காலை அகட்டி நின்று, உடம்பையே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்த்தால் உளி தானாக வளைவைப் போடுகிறது. தோளுக்கு அங்கே வேலையே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: கடையக் கற்கும் முன் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். யாரோ தீட்டிக் கொடுக்கும் உளியை நம்பி இருந்தால், அவர் வராத நாளில் நீங்களும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

* * *

சகோதரிகளே, நான் ஓர் ஆண், சங்கத்தில் பல வருடமாகச் சொல்லிக்கொடுப்பவன். முதல் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உளியை வாங்கிக்கொள்வது என் பழக்கமும்தான். பயந்துவிடப் போகிறார்கள், முதல் நாளே நல்லதாக ஒன்றை எடுத்துப் போகட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். ஆண்கள் வந்தாலும் இதையே செய்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவர்களை இரண்டு மூன்று கேட்ச் வாங்கவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த வித்தியாசம் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. எங்களிடம் ஒருமுறை வந்து மறுமுறை வராமல் போன பெண்கள் நான்கு பேராவது இருப்பார்கள். மன்னிப்புக் கேட்கக்கூட அவர்கள் எண் என்னிடம் இல்லை.

சொல்லிக்கொடுக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. ஆபத்து என்று தோன்றினால் கை போக வேண்டிய இடம் உளி இல்லை, லேத்தின் சுவிட்ச். நிறுத்திவிட்டு வாயால் சொல்லலாம். செய்துகாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னொரு கட்டையை மாட்டிச் செய்துகாட்டலாம். அவர்கள் கட்டை அவர்களுடையது.

* * *

பெண்களுக்கு மட்டும் என்று தனியாக நடத்தும் நாள்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தனியாகப் பிரிப்பது சரியில்லை என்று நானும் நினைத்தவள்தான். ஒரு முறை போனபின் எண்ணம் மாறியது. யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. "இது எதுக்கு?" என்று சின்னக் கேள்வியைக்கூடச் சத்தமாகக் கேட்டார்கள். முகக் கவசம் பெரிதாக இருந்து நழுவுகிறது என்று ஒருத்தி சொன்னதும், ஆறு பேர் எனக்கும்தான் என்றார்கள்.

1986-இல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசல் சங்கத்துக்குள் 'விமன் இன் டர்னிங்' என்று ஒரு குழுவே இருக்கிறது. மெரில் சேலன் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர், கடைந்த மரத்துக்கு வண்ணம் ஏற்றுவதில் முன்னோடி. பெட்டி ஸ்கார்ப்பினோ கடைந்த வடிவத்தை மேலும் வெட்டிச் செதுக்கி வேறொன்றாக்குவார், சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். சிண்டி ட்ரோஸ்டாவின் மூடிச் சிமிழ்களைப் பாருங்கள், மூடி மேல் நிற்கும் கூர்முடி பென்சில் முனையைவிட மெல்லியதாக முடியும். இவர்கள் வேலையைப் பார்த்தபின் பலத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது.

* * *

இதையெல்லாம் இப்போதுதான் படித்தேன். வரும் சனிக்கிழமை எனக்கு முதல் வகுப்பு. என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும், என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்? லேத் ஒன்று வாங்கிவிடலாமா?

* * *

தங்கச்சி, லேத் இப்போது வேண்டாம். சங்கத்தில் நாலைந்து விதமான லேத்தில் நின்று பார்த்தபின் உங்களுக்கே தெரியும். முகக் கவசம் மட்டும் உங்கள் தலைக்குப் பொருந்துகிறதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மட்டும் போதாது, கட்டை கழன்றால் முகத்துக்குத்தான் வரும். தூசி முகமூடியும் எடுத்துப் போங்கள், உப்புத்தாள் போடும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முடியை இறுக்கிக் கட்டுங்கள். தொங்கும் துணி, சங்கிலி, மோதிரம், வளையல் எதுவும் வேண்டாம். கையுறை போடவே கூடாது, மரம் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மெழுகு பூசத் துணிக்குப் பதில் காகிதத் துண்டு, சிக்கினாலும் கிழிந்துவிடும்.

சுவிட்ச் போடும் முன் மரத்தை ஒரு சுற்று கையால் சுற்றி, உளியைச் சாய்த்து வைக்கும் தாங்கியில் மரம் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, அது நீளக் கட்டைக்கான உளி, கைப்பிடிக்குள் போகும் பகுதி மெலிந்திருப்பதால் ஒடிந்துவிடும். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும். எட்டு அங்குலக் கிண்ணம் என்றால் 750-இலிருந்து 1125 வரை. கோணல்மாணலாக இருக்கும் கட்டையை அதற்கும் கீழேதான் தொடங்க வேண்டும்.

போய்விட்டு வந்து எழுதுங்கள்.

* * *

போய் வந்தேன் அக்கா. பம்பரம் கடைந்தோம். லேத் எனக்கு உயரம் என்று நானே சொன்னேன், ஒரு பலகை மேடை கொண்டுவந்து போட்டார்கள். சாணை எப்படிப் பிடிப்பது என்றும் கேட்டேன், அடுத்த வாரம் காட்டுகிறேன் என்றார்கள். மூன்று கேட்ச். மூன்றாவதில் உளியை வாங்கக் கை வந்தது. "நானே பார்க்கிறேன் சார், நிறுத்திட்டு எங்க தப்புன்னு சொல்லுங்க" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். நிறுத்திச் சுற்றிப் பார்த்தோம். முதல் பதிவில் எழுதியிருந்ததேதான், நுனி மட்டும் நின்றது.

பம்பரத்தின் தோளில் ஒரு வடு விழுந்திருக்கிறது, முனையும் நடுவில் சரியாக இல்லை. உப்புத்தாள் போட்டு வடுவை எடுத்துவிடலாமா என்று கேட்டார், இருக்கட்டும் என்றேன். மேசையில் விட்டால் தலையை ஆட்டி ஆட்டிப் பதினொரு விநாடி சுற்றுகிறது.