வீட்டை விற்கும் முன் தோட்டத்தை மாற்றியமைக்க வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை மூன்று மாதங்கள் கழித்து விற்பனைக்குக் கொண்டுவர இருக்கிறோம். பின்புறச் சுவர் முழுவதும் என் தாயார் வளர்த்த மல்லிகைக் கொடி படர்ந்திருக்கிறது. அதன் முன்னே காய்கறிப் பாத்திகளும், அவ்வப்போது ஊன்றிய செடிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புல்தரையும் கல் பாவிய நடைபாதையும் அமைத்தால்தான் வாங்க வருபவர்களுக்குப் பிடிக்கும் என்கிறார் தரகர். அந்தச் செலவு திரும்பி வருமா என்பது ஒருபுறம் இருக்க, கொடியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
புதிதாக எதையும் அமைக்காதீர்கள். எங்கள் வீட்டை விற்றபோது கடைசி நேரத்தில் புல் விதைத்தோம். முளைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பது தெரிந்திருந்தும், வேர் பிடித்து மிதி தாங்குவதற்கு அதைவிட நெடுநாள் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை; வீடு பார்க்க வந்தவர்கள் நடந்த இடமெல்லாம் மண் தெரிந்தது. களையெடுத்து, காய்ந்த கிளைகளைக் கழித்து, பாத்தி ஓரங்களை மண்வெட்டியால் நேராகச் செதுக்கி, மேலே இரண்டு அங்குலம் மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) பரப்பியிருந்தால், இருந்த தோட்டமே நன்றாக இருந்திருக்கும். உடைந்த தொட்டிகளை அப்புறப்படுத்தச் செலவே இல்லை.

மறுமொழி 2:
வீடு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். கொடி படர்ந்த சுவரைக் கண்டதும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இலைகளுக்குப் பின்னால் விரிசல் இருக்குமோ, ஈரம் கோத்திருக்குமோ என்பதுதான். ஆகவே சன்னல், கூரை விளிம்பு, மழைநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து ஓர் அடி விலகும்படி கொடியைக் கவாத்து செய்து, சுவரின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியும்படி விடுங்கள். பல ஆண்டுகள் எரு போட்ட பாத்திகளில் மண் மட்டம் நாம் அறியாமலேயே ஏறிவிடும். அது சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் தாழ்த்திவிடுங்கள்.

மறுமொழி 3:
தரையில் வேரூன்றிய செடிகள், ஒப்பந்தத்தில் விலக்கி எழுதாவிட்டால், பொதுவாக வீட்டோடு சேர்ந்தவையாகவே கருதப்படும் என்பதால், எதை எடுத்துச் செல்வதானாலும் முன்கூட்டியே எழுத்தில் குறித்துவிடுங்கள். மல்லிகையைப் பெயர்க்க வேண்டியதே இல்லை, பதியம் போடுங்கள். தாழ்ந்த இளங்கொடி ஒன்றை வளைத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே பட்டையை லேசாகக் கீறி, அந்தக் கணுவை மண் நிரப்பிய தொட்டியில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து மெல்ல இழுக்கும்போது பிடிப்புத் தெரிந்தால் தாய்க்கொடியிலிருந்து நறுக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்று தவறினாலும் மற்றொன்று பிழைக்கட்டும் என்று இன்று காலை மூன்று தொட்டிகளில் பதியம் போட்டுவிட்டேன். சுவரோரத்து மண்ணை ஒதுக்கிப் பார்த்ததில், நான்கு விரற்கடை உயரத்துக்குப் பூச்சு பொரிந்திருக்கிறது. புல்தரைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடப் போகிறேன்.