இம்ப்ளாண்டுக்கு முன் அளக்கும் எலும்பு: ‘எஞ்சுயரம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல் போன இடத்தில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் பொருத்தும் செயற்கைப் பல்வேர், வைப்பதற்கு முன் அங்கே எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் அளப்பார்கள். அந்த அளவுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், ‘தாடை எலும்பு உயரம்’ போதும் என்று இங்கே சொன்னார்கள். எளிய சொல்தான், ஆனால் பொருள் தவறிவிடுகிறது. பல் மருத்துவர்கள் தாடை முழுவதையும் அளப்பதில்லை. கீழ்க்கடைவாயில், பல் போன இடத்து எலும்பு மேட்டின் உச்சியிலிருந்து உள்ளே நரம்பு ஓடும் கால்வாயின் மேல்விளிம்பு வரைதான் கணக்கு. அதற்குக் கீழே எவ்வளவு எலும்பு இருந்தாலும் பயனில்லை. துளைக்கும்போது நரம்பில் பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். மேல்கடைவாயில், பல் வரிசைக்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறையின் தரை அந்த எல்லை.

‘எச்ச எலும்பு உயரம்’ என்பது பொருளில் சரி. ஆனால் எச்சம் என்றதும் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். நோயாளியிடம் எப்படிச் சொல்வது? இம்ப்ளாண்டை ஊன்றக் கிடைக்கும் உயரம் என்ற பொருளில் ‘ஊன்றுயரம்’ எனக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ‘துயரம்’ என்று காதில் விழுகிறது. அதனால் வேண்டாம். ‘ஆழம்’ என்ற யோசனையும் வந்தது. ஆழம் நாம் போடும் துளைக்கு உரியது, எலும்புக்கு அல்ல.

என் பரிந்துரை ‘எஞ்சுயரம்’. எஞ்சு + உயரம், வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என்று மூன்று காலமும் அதில் அடக்கம், இங்கே அது அப்படியே பொருந்துகிறது. பல்லை எடுத்த முதல் ஆண்டில் எலும்பு வேகமாகக் கரையும்; அப்புறமும் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். மேல்தாடையில் சைனஸும் கீழே இறங்கி வரும். பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வருபவரிடம் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்வது அதனால்தான். “எலும்பு பத்தாதுன்னு சொல்லிட்டாங்க” என்று மனம் வாடி வருபவருக்கும் ‘எஞ்சுயரம் குறைவு’ என்றால் விளங்கும், எலும்பு நிரப்பி அதைக் கூட்ட வழியுண்டு என்பதையும் அடுத்தபடியாகச் சொல்லலாம்.

இன்னொரு பிரிவும் அவசியம்: ‘பட எஞ்சுயரம்’, ‘மெய் எஞ்சுயரம்’. தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி, உள்ளதைப் பெரிதாக்கியே காட்டும். அதனால் 5 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றைப் பல் போன இடத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். குண்டு படத்தில் 6.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், எலும்பு 15 மி.மீ. என்று தெரிந்தால் உண்மையில் 12 மி.மீ.தான். நரம்புக்கு மேல் 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி விட்டால் கைக்கு வருவது 10. படத்தில் தெரிந்த 15-ஐ அப்படியே நம்பித் துளைத்தால் நரம்பையே தாண்டிவிடும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் இந்தப் பெருக்கச் சிக்கல் இல்லை, அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அறிக்கையில் எது பட அளவு, எது மெய் அளவு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஓபிஜியில் அகலம் தெரியாது. உயரம் தாராளமாக இருந்தும் மேடு கத்திமுனை போல மெலிந்திருக்கலாம். அதைக் காட்டுவது சிபிசிடிதான். அந்த அளவுக்கு இதே அச்சில் ‘எஞ்சகலம்’ என்று வைக்கலாமா? ஒலிப்பு உங்களுக்குச் சரிவருகிறதா என்று சொல்லுங்கள்.